இடுப்பு மருந்து

ஆண்டிச்சாமி எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. பாறையைக்கூட நாலு பக்கம் தட்டிச் சத்தம் கேட்டு, ரேகை எங்கிட்டு ஓடுகிறது என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் உளி வைப்பார். டாக்டர், போலீஸ், ஓட்டுக் கேட்டு வருகிறவன், கோடாங்கி எல்லாரும் அவர் கணக்கில் ஒரே கூட்டம். "வாயால பொழைக்கிறவன் உள்ளங்கையைத் தொட்டுப் பாரு, வாழக்குருத்து மாதிரி இருக்கும்" என்பார்.

அப்பேர்ப்பட்ட மனுசனைப் புது ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் மூன்று நாள் குந்தவைத்தது அவர் மனைவி ராக்காயியின் இடது கால்.

அவர்கள் ஊர் குருவிப்பாறை. அன்னவாசல் சந்தைக்குப் போக ஒரு நாழிகை நடை. பன்னிரண்டு வீடு, பன்னிரண்டுக்கும் கல் வேலை. ஆம்பிளைகள் ஆப்பு இறக்கிப் பாறையைப் பிளப்பார்கள். பிளந்த கல்லைப் பொம்பளைகள் சல்லியாக உடைப்பார்கள். ரோட்டுக்குப் போகிற சல்லி. ஓலைத் தட்டியை வெயில் போகிற பக்கமெல்லாம் நகர்த்திக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து, கயிற்று வளையத்துக்குள் கல்லை வைத்து அடிப்பார்கள். வளையம் இல்லாவிட்டால் கல் துள்ளி மூஞ்சியைப் பேர்த்துவிடும். இடது கை விரலுக்கெல்லாம் கிழிசல் துணி சுற்றியிருக்கும். ஒருத்தி அடிக்கிற மாதிரி இன்னொருத்தி அடிக்கமாட்டாள். பள்ளத்துக்கு மேலே நின்று கண்ணை மூடிக்கொண்டாலும் ராக்காயியின் சுத்தியல் எது என்று ஆண்டிச்சாமிக்குத் தெரியும். ரெண்டு அடி, ஒரு நிறுத்தம், ஒரு அடி. அந்த நிறுத்தத்தில் கல்லைத் திருப்பி வைப்பாள்.

பங்குனி மாதம். பாறை கொதித்துக் கிடந்தது. ஒரு சில்லு தெறித்து ராக்காயியின் பாதத்தில் ஏறிவிட்டது. ஊக்கால் கிளறி எடுத்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பினாள். மறுநாளும் வேலைக்கு வந்தாள். எட்டாம் நாள் கால் முழங்கால் வரைக்கும் வீங்கி, பனங்கிழங்கு மாதிரி இருந்தது மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. உடம்பு அனலாய்க் காய்ந்தது. மகள் முத்துமாரியம்மாள் கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து வந்து தாயைப் பார்த்துவிட்டுத் தகப்பனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆத்தா காலு அழுகுற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கப் போறீங்களா? புது ஆஸ்பத்திரியில ஊசி போட்டா சரியாயிருமாம். எங்க ஊருல ரெண்டு பேருக்குக் காலு தப்பிச்சிருக்கு."

"ஊசி போட்டுச் செத்தவன் பேரு ஒனக்குத் தெரியாது. அவன் வந்து சொல்ல மாட்டான்ல."

"பேச்சு இருக்கட்டும். வண்டிக்குச் சொல்லுங்க."

அங்கேதான் சிக்கல். குருவிப்பாறையில் வண்டி இருந்தது ஒரே ஒருத்தனிடம். செல்லமுத்து. முறைக்கு மச்சான். ஒன்பது வருசமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

சமஸ்தானம் போய், மதுவிலக்குச் சட்டம் வந்த வருசம், ஊர் ஆம்பிளைகள் அய்யனார் கோயில் முன்னால் கூடினார்கள். இனிமேல் இந்த ஊருக்குள் ஒரு சொட்டு நுழையக்கூடாது என்று பேச்சு. சத்தியம் பண்ண ஒரு ஆள் வேண்டும். குடித்துப் பழகாத கை ஆண்டிச்சாமி கை ஒன்றுதான். அவர் அப்பன் குடித்தே போனவர்; அதனால் கள்ளுக்கடை எதிரிலேயே இருந்த காலத்தில்கூட இவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சூடத்தைக் கொளுத்திக் கையால் அடித்து அணைத்தார். "எங்க ஊருல ஒரு வீட்டுல குடி புழங்குனாலும் அது எங்க எல்லாரையும் கேக்கட்டும்" என்றார். ரெண்டாம் வருசம் செல்லமுத்து பாறைச் சுனையில் பானையைப் புதைத்துக் காய்ச்சுவது தெரிந்தது. பலபேருக்குத் தெரியும். போலீசைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுனையைக் காட்டியது ஆண்டிச்சாமி. செல்லமுத்துவுக்கு ஆறு மாதம் திருச்சி ஜெயில். திரும்பி வந்தவன் அதற்குப் பிறகு காய்ச்சவும் இல்லை, குடிக்கவும் இல்லை. ஒரு வண்டி வாங்கி வாடகைக்கு ஓட்டினான். ஆண்டிச்சாமி எதிரில் வந்தால் மாட்டோடு பேசுவான்.

முத்துமாரியே போய்ச் சொன்னாள். செல்லமுத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. வைக்கோல் பரப்பி வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். ராக்காயியைத் தூக்கி வைக்கும்போது தலைமாட்டை அவன் பிடித்தான், கால்மாட்டை ஆண்டிச்சாமி பிடித்தார். போகிற வழியெல்லாம் செல்லமுத்து மாட்டிடம்தான் பேசினான்.

"மெல்லப் போடா. உள்ள எந்தங்கச்சி படுத்திருக்கா. பள்ளம் பாத்துப் போ. ஒன்னைய யாரும் காட்டிக் குடுத்துற மாட்டாங்க."

ஆண்டிச்சாமி வண்டிக்குப் பின்னால் நடந்தார். தோளில் ஒரு துணிப்பை. அதில் ராக்காயியின் மாற்றுச்சேலை, ஒரு லோட்டா, சேலைக்குள் சுருட்டியபடி ஒரு தவிட்டு நிறப் பாட்டில். முத்துமாரி எடுத்து வைத்தது. "ஆத்தாவோட இடுப்பு மருந்து" என்று சொல்லித்தான் வைத்தாள்.

ஆஸ்பத்திரி என்றால் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. ஓட்டுக் கூரை, ஆறு கட்டில், சுண்ணாம்பு வாடை போகாத சுவர். டாக்டர் சின்ன வயசு. டவுன்காரர். காலைப் பார்த்ததும் முகம் சுளிக்கவில்லை. அதை ஆண்டிச்சாமி கவனித்துக்கொண்டார். சீழை வடித்துக் கட்டினார். பென்சிலின் ஊசி ஆறு நாள் போடவேண்டும், இங்கேயே படுக்கவேண்டும் என்றார். பிறகு அட்டையில் எழுத ஆரம்பித்தார். வயசு, ஊர், வேலை. எழுதிக்கொண்டே தலை நிமிராமல் ஆண்டிச்சாமியைக் கேட்டார்.

"பெரியவரே, குடிப்பீங்களா?"

"பல்லுல பட்டதில்ல."

"நெஜமாவா? கல்லு வேலை செய்யுறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"ஊருல கேட்டுப் பாருங்க. சூடத்தை அணைச்சவன் நான்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ரொம்ப நல்லது" என்றார். எழுதியதற்குக் கீழே கோடு போட்டார். கட்டிலில் கிடந்தவளை யாரும் அந்தக் கேள்வி கேட்கவில்லை. ஆண்டிச்சாமியும் கேட்கப்படாத கேள்விக்கு எதற்குப் பதில் என்று இருந்துவிட்டார்.

நர்சம்மா ஞானமணி ஆவுடையார்கோவில் பக்கத்துக்காரி. நாற்பது வயசு இருக்கும். நடை வேகம், பேச்சு நிதானம். பையைப் பார்த்துவிட்டு, "வெளி மருந்து எதுவும் கொண்டாந்திருந்தா குடுத்துராதீங்க பெரியவரே. நாங்க குடுக்குறதோட சண்டை போடும்" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாது" என்றார் அவர். பையை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய் அதைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார். பாட்டில் பிடரியில் உறுத்தியது.

அது என்ன பாட்டில் என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும் என்றும் சொல்லலாம், தெரியாது என்றும் சொல்லலாம். சட்டம் வந்த மறு வருசம் ராக்காயிக்குக் கடைசிப் பிள்ளை செத்தே பிறந்தது. இடுப்பு விட்டுப்போய் எழுந்திரிக்க முடியாமல் கிடந்தாள். பிள்ளை பெற்ற உடம்புக்கு ரெண்டு வாய் சாராயம் கொடுப்பது அங்கே வழக்கம். கடையெல்லாம் மூடிக் கிடந்த காலம். பிள்ளை பார்த்தவள்தான் வழி சொன்னாள்: சந்தையில் அரிஷ்டக்கடையில் கேள், இஞ்சிச் சத்து என்று ஒன்று தருவான், சாராயம் மாதிரியே சுள்ளென்று இறங்கும், மருந்துக் கணக்கு என்பதால் அதுக்குச் சட்டம் இல்லை. ஆண்டிச்சாமி போய் வாங்கிவந்தார். பாட்டில் மேல் இஞ்சிப் படம் போட்டிருந்தது. ராக்காயி ஒரு மூடி குடித்தாள். அன்றைக்கு அழாமல் தூங்கினாள். பத்தாம் நாள் எழுந்து வேலைக்கு வந்தாள்.

முதலில் மாதம் ஒரு பாட்டில். அப்புறம் சந்தைக்குச் சந்தை. அப்புறம் சந்தைக்கு ரெண்டு. காலையில் கம்பங்கூழில் கொஞ்சம், மத்தியானக் கஞ்சியில் கொஞ்சம், அந்தியில் வெறுமனே. மருந்து உள்ளே போன நாளில் ரெண்டு பெட்டி சல்லி கூடுதலாக உடைப்பாள். போகாத நாளில் காலையில் கை உதறும், சுத்தியல் வழுக்கும். "நரம்பு தளந்துபோச்சு, மருந்து வேணும்" என்பாள். அவர் கத்தரிக்காய்க்கும் ஜெகதாப்பட்டினத்துக் கருவாட்டுக்கும் அடியில் பாட்டிலை வைத்துக் கொண்டுவருவார். மருந்துக்கு எதற்கு மறைவு என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. பொம்பளைகள் அந்தக் கடைக்குப் போகிற வழக்கம் இல்லை. பத்து வருசமும் அவர்தான் போனார்.

ரெண்டாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது. டாக்டருக்குச் சந்தோசம். ஆனால் ராக்காயி கஞ்சியை வாங்கும்போது லோட்டா கடகடவென்று ஆடி மார்பெல்லாம் கொட்டியது. நெற்றி வேர்த்துக் கிடந்தது. முத்துமாரி துடைத்துவிட்டு வெளியே போன நேரம் பார்த்து, புருசனைக் கிட்டே கூப்பிட்டாள்.

"அந்த மருந்துல ஒரு மூடி குடுங்க."

"இங்க வேணாம்."

"கை நிக்க மாட்டேங்குது. வயிறு பெரட்டுது. ஒரே ஒரு மூடி."

"ஆளுக இருக்காங்க. வாடை தெரியும். நர்சம்மா வேற மருந்து குடுக்கக் கூடாதுன்னுருக்கு."

"நர்சம்மா சொன்னதுக்கா, ஆளுக இருக்காங்கன்னா?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகு நடுங்கிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் முற்பகல். வேப்பம்பூ உதிர்ந்து மண்ணெல்லாம் வெள்ளையாய்க் கிடந்தது. முத்துமாரி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"அப்பா, ஆத்தாவைப் பாருங்க. எந்திரிச்சு ஒக்காந்துக்கிட்டு என்னமோ பண்ணுது. என்னைத் தெரியல."

உள்ளே போனார். ராக்காயி கட்டில் நடுவில் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கண் ரெண்டும் எங்கேயோ இருந்தது. இடது கையால் போர்வையை வளையமாகச் சுருட்டி முன்னால் வைத்திருந்தாள். வலது கையில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாத கையை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள்.

ரெண்டு அடி. நிறுத்தம். ஒரு அடி.

நிறுத்தத்தில் இடது கை கல்லைத் திருப்பிவைத்தது. அடித்து முடித்ததும் போர்வையைத் தடவி, சல்லியைக் கூட்டி, கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். பெரிசு ஒன்று அகப்பட்டது போல எடுத்துப் பார்த்து மறுபடி வளையத்துக்குள் வைத்தாள். மற்றக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள், பிறகு பயந்து வாயைப் பொத்தினாள்.

"ராக்காயி" என்றார்.

"தட்டியை நகத்துங்க, வெயிலு வந்துருச்சு" என்றாள் ராக்காயி, அவரைப் பார்க்காமல். "இந்தா பூரான் ஏறுது பாருங்க. கல்லுக்கு அடியில எம்புட்டுப் பூரான். அடிச்சா வந்துக்கிட்டே இருக்கு."

டாக்டர் வந்தார். கண்ணை இழுத்துப் பார்த்தார், கழுத்தை மடக்கிப் பார்த்தார், தாடையைத் திறந்து பார்த்தார். நாடி தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. "காய்ச்சல்தான் இல்லையே" என்று தனக்குள் சொன்னார். "சீழ் ரத்தத்துல கலந்து மூளைக்கு ஏறியிருக்கணும். இல்லேன்னா ஜன்னி. இங்க வச்சிருக்க முடியாது. தஞ்சாவூருக்கு அனுப்பணும். வழி தாங்குமான்னுதான் தெரியல."

முத்துமாரி தகப்பனை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "இது டாக்டரு தீக்குற சீக்கு இல்லப்பா. வீரய்யா பொண்டாட்டி போன வருசம் வெடியில செத்ததுலருந்து பாறைக்குழியிலதான் சுத்துறா. அவதான் ஆத்தா மேல ஏறிக் கல்லு ஒடைக்கிறா. வீட்டுக்குக் கொண்டு போயிருவோம். கோடாங்கியைக் கூப்புடுவோம்."

"செத்தவளுக்கு எதுக்கு இன்னமும் சல்லி? அவ ஒடைச்சது பத்தாதா?"

"பின்ன என்னங்கிறீங்க?"

என்னவென்று சொல்வார். அந்த அடி செத்தவளுடைய அடி இல்லை. முப்பது வருசம் கேட்ட அடி.

அந்த நேரத்தில்தான் செல்லமுத்து வண்டியில் கஞ்சிக் கலயம் கொண்டுவந்தான். அவன் சம்சாரம் கொடுத்துவிட்டது. சன்னலுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு கலயத்தை முத்துமாரியிடம் கொடுத்து, "நீ ஆத்தாகிட்ட இரு தாயி, விழுந்துறாமப் புடிச்சுக்க" என்று உள்ளே அனுப்பிவிட்டு, வேப்பமரத்தடிக்கு வந்து குந்தினான். ஒன்பது வருசத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஆண்டிச்சாமி முகத்தைப் பார்த்தான்.

"மச்சான், எப்ப நிப்பாட்டுனீங்க?"

"எதை?"

"அதான். தலைக்கு வச்சுப் படுத்திருக்கீங்களே, அதை."

ஆண்டிச்சாமியின் கை தன்னால் பையின் மேல் போனது. "அது இடுப்பு மருந்து."

"எனக்கு அந்தக் கடையும் தெரியும், அந்தப் பாட்டிலும் தெரியும். காச்சுனவன் நான். மூக்கு செத்தா போச்சு? தங்கச்சி கூழ்ச்சட்டியைத் தொறந்தா எங்க வீட்டு வாசல் வரைக்கும் வரும்."

"எம் பொண்டாட்டியக் குடிகாரிங்கிறியா? நாக்கை அடக்கிப் பேசு."

"நான் என்ன பேரு வச்சா என்ன. இதைக் கேளுங்க. நீங்க என்னைய அனுப்புனீங்கள்ல, திருச்சி ஜெயிலு. அங்க புதுசா வர்ற குடிகாரனை நாங்க எண்ணிக்கிட்டே இருப்போம். மொத நாளு சும்மா இருப்பான். ரெண்டாம் நாளு கை ஒதறும். மூணாம் நாளு வேலையத் தொடங்கிருவான்."

"என்ன வேலை?"

"அவனவன் வேலை. நாவிதன் ஒருத்தன் வந்தான், வெறுங்கையால காத்தைச் செரைச்சுக்கிட்டே இருந்தான். எங்க மூஞ்சிக்குக் கிட்ட வந்தா நாங்களும் தாடையக் காட்டுவோம், சிரிப்பா இருக்கும். பனையேறி ஒருத்தன். அவன் சொவத்துல ஏறுனான். ஏறி ஏறி விழுந்தான். நெஞ்செல்லாம் ரத்தம்."

"அப்புறம்?"

"நாவிதன் தெளிஞ்சுட்டான். பனையேறியை அஞ்சாம் நாளு தூக்கிக்கிட்டுப் போனாங்க."

வேப்பம்பூ ஒன்று ஆண்டிச்சாமியின் முழங்காலில் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.

"ஜெயில் டாக்டருக்கு அது தெரியும். வந்தவொடனே கேப்பாரு, எம்புட்டுக் குடிப்ப, எப்பக் கடைசியாக் குடிச்சன்னு. உண்மையச் சொன்னவனுக்கு மருந்து உண்டு. இந்த டாக்டரு சின்னப் பிள்ளை. பொம்பளைகிட்ட அதைக் கேக்கணும்னு தோணிருக்காது. போயிச் சொல்லுங்க."

"நீ போய்ச் சொல்லேன்."

செல்லமுத்து எழுந்து வேட்டியை உதறினான். "நான் சொன்னா வஞ்சம் தீக்குறேம்பீங்க. ஊரும் சொல்லும். போலீசுக்கு எஞ்சுனையைக் காட்ட அன்னைக்கு ஒரு மைல் நடந்தீங்க. இதுக்குப் பத்து எட்டுத்தான்."

சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

பத்து எட்டு. ஆண்டிச்சாமி அங்கேயே இருந்தார். சொன்னால் எழுதுவார்கள். குடிக்குத்தான் என்று எழுதினால், மருந்துப் பாட்டிலானாலும் போலீசுக்குப் போகும். ராக்காயியைக் கட்டிலோடு பிடித்துப்போவார்கள். சூடம் அணைத்தவன் வீட்டில் பத்து வருசமாகப் புழங்கியது என்று ஊர் சிரிக்கும். சிரிப்பதுகூடப் பெரிசில்லை. செல்லமுத்துவின் ஆறு மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பது? சொல்லாவிட்டால் தஞ்சாவூர். வழி தாங்குமா தெரியாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். தாங்கினாலும், அங்கேயும் ஒரு டாக்டர் சீழைத்தான் தேடுவான்.

நேற்று அவள் கேட்டது நினைவுக்கு வந்தது. நர்சம்மா சொன்னதுக்கா, ஆளுக இருக்காங்கன்னா? அவளுக்குத் தெரிந்துதான் கேட்டிருக்கிறாள்.

சன்னல் வழியாகப் பார்த்தார். ராக்காயியின் கை இன்னும் நிற்கவில்லை. ஆனால் தாளம் மாறியிருந்தது. ஒரு அடி, ஒரு அடி, நிறுத்தமே இல்லாமல். கல்லைத் திருப்பி வைக்கக்கூட நேரம் இல்லாத மாதிரி. அவளை அவர் அப்படி அடித்துப் பார்த்ததே இல்லை.

பையை எடுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் மேசையில் தஞ்சாவூருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஞானமணி பக்கத்தில் நின்றாள். ஆண்டிச்சாமி சேலையை விரித்துப் பாட்டிலை எடுத்து, எழுதுகிற காகிதத்தின் மேலேயே வைத்தார்.

"என்ன இது?"

"இதைத்தான் அவ குடிப்பா. பத்து வருசமா. இங்கிட்டு வந்ததுலருந்து குடுக்கல."

டாக்டர் மூடியைத் திறந்து மோந்தார். முகம் வெளுத்தது. "அன்னைக்குக் கேட்டேனே பெரியவரே, குடிப்பீங்களான்னு."

"என்னையக் கேட்டீங்க. நான் குடிக்கிறதில்ல."

டாக்டர் கடிதத்தை மடித்துத் தள்ளி வைத்தார். "ஒரு நாளைக்கு எவ்வளவு?"

ஆண்டிச்சாமிக்கு அவுன்ஸ் தெரியாது. "சந்தைக்கு ரெண்டு பாட்டிலு. ஒரு சந்தைக்கும் மறு சந்தைக்கும் நடுவுல தீந்துரும். கடைசி நாளு கழுவி ஊத்திக் குடிப்பா." ஞானமணி அலமாரியிலிருந்து காலி மருந்து மிக்சர் பாட்டில் ஒன்றை எடுத்துவந்தாள். வேளைக்கு எவ்வளவு என்று காட்ட ஓரத்தில் பல் பல்லாய் வெட்டிய காகிதம் ஒட்டிய பாட்டில். "இதுல எம்புட்டு ஒசரம்னு காட்டுங்க. காலையில, மத்தியானம், அந்தியில." அவர் கட்டைவிரல் நகத்தை ஒவ்வொரு பல்லாக வைத்துக் காட்டினார். அந்திக்கு நகம் ரொம்ப மேலே போனது. அவருக்கே அது அப்போதுதான் தெரிந்த மாதிரி கையை எடுத்துக்கொண்டார்.

டாக்டர் எழுந்து ஓடினார். ஊசி போட்டார்கள். சுக்கு வாடையும் ஸ்பிரிட் வாடையும் தோற்கிற மாதிரி நாற்றமடித்த ஒரு மருந்தைக் குடிக்க வைத்தார்கள். குளுகோஸ் ஏற்றினார்கள். நாலு பேர் பிடித்துக்கொள்ள, அவள் அவர்கள் கையையே கல்லென்று நினைத்து அடித்தாள். வெயில் சாய்கிற நேரத்துக்கு அடி மெதுவானது. ரெண்டு. நிறுத்தம். ஒன்று. பிறகு கை போர்வை மேல் கிடந்தது.

"பொழைச்சுக்குவாங்க. இன்னும் ரெண்டு நாள் பாக்கணும்" என்றார் டாக்டர். உட்கார்ந்து அட்டையை இழுத்தார்.

"எழுதப் போறீங்களா?" என்றார் ஆண்டிச்சாமி.

"எழுதாம எப்படி? நாளைக்கு நான் இல்லேன்னா வேற டாக்டர் எதைப் பாத்து மருந்து குடுப்பாரு?"

"எழுதுனா போலீசுக்குப் போகுமா?"

டாக்டர் ஞானமணியைப் பார்த்தார். ஞானமணி சொன்னாள்: "சீட்டு இந்த அலமாரியில இருக்கும் பெரியவரே. யாராச்சும் வந்து கேட்டா, நாங்க பொய் சொல்ல முடியாது. கேக்காத வரைக்கும் நாங்களாப் போயிச் சொல்ல மாட்டோம்."

அதில் எவ்வளவு நம்பலாம் என்று அவர் மனசுக்குள் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். சத்தம் கெட்டியாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன் என்று முதலிலேயே சொன்ன ஆள்.

"அப்ப ஒண்ணு. வாங்குனவன் பேரையும் சேத்து எழுதுங்க. அவ ஒரு நாளும் கடைக்குப் போனதில்ல. ஆண்டிச்சாமி, குருவிப்பாறை. எழுதிட்டீங்களா?"

"அதை எழுதற எடமே இதுல இல்லையே பெரியவரே."

"ஓரத்துல எழுதுங்க."

டாக்டர் அட்டையைக் குறுக்காகத் திருப்பிக்கொண்டார். பிறகு ஓரத்தில் எழுதினார். ஆண்டிச்சாமிக்குப் படிக்கத் தெரியாது. எழுத்து நீளமாக இருந்ததா என்று மட்டும் பார்த்துக்கொண்டார். பிறகு வெளியே போய், மாட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த செல்லமுத்துவின் முன்னால் நின்றார்.

"சொல்லிட்டேன்."

"ம்."

"நீயும் போகணும்னா போகலாம். போலீசு. நீ அவங்களுக்குக் காட்டுறதுக்கு எங்கிட்டச் சுனை எல்லாம் இல்ல, வீடுதான்."

செல்லமுத்து வைக்கோலை உருட்டி மாட்டின் முதுகில் இன்னும் ரெண்டு தேய்ப்புத் தேய்த்தான். "எனக்கு நாளைக்கு நெல்லு ஏத்துற வாடகை இருக்கு. அங்கிட்டுப் போக நேரமில்ல" என்றான். அதை ஆண்டிச்சாமியைப் பார்த்துத்தான் சொன்னான்.

ராக்காயி ஆறாம் நாள் தெளிந்தாள். கால் வற்றியிருந்தது. முகத்தில் வழக்கமான உப்பல் இல்லாமல், கன்னம் ஒட்டி, ரொம்பக் காலத்துக்கு முந்தைய ஒருத்தி மாதிரி இருந்தாள். ஆண்டிச்சாமி கலயத்திலிருந்து கஞ்சியை ஊற்றிக் கொடுத்தார். இரண்டு கையாலும் லோட்டாவைப் பிடித்தாள். ஆடியது, ஆனால் கொட்டவில்லை.

ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "என்ன கஞ்சி இது, சப்புன்னு இருக்கு. மருந்து ஊத்தலையா?"

"அது மருந்தில்ல."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ராக்காயி இன்னொரு வாய் குடித்தாள்.

"அது எனக்கு எப்பவோ தெரியும். பிள்ளை செத்த ஒரு மாசத்துலயே தெரியும். ஒங்களுக்குத்தான் தெரியாம இருந்துச்சு."

"தெரிஞ்சா ஏண்டி சொல்லல?"

"சொன்னா வாங்கிட்டு வர மாட்டீங்கள்ல."

அவருக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அவள் கஞ்சியை முடித்து லோட்டாவைக் கீழே வைத்தாள். வைக்கும்போது தரையில் ரெண்டு தரம் தட்டியது. கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"டாக்டரு இனிமே ஒரு சொட்டுக்கூடக் கூடாதுன்னாரு. தொட்டா மறுபடியும் இப்படித்தானாம்."

"நர்சம்மா சொல்லுச்சு. தெனம் வந்து மாத்திரை வாங்கிட்டுப் போகச் சொல்லுச்சு." சன்னல் பக்கம் திரும்பினாள். "என்னைக்குச் சந்தை?"

"எதுக்கு?"

"நானும் வாரேன். காலு நடக்க ஆனதும் ஒரு நாளு கூட்டிட்டுப் போங்க. பத்து வருசமாக் குடிச்சிருக்கேன், அந்தக் கடை கெழக்க பாத்திருக்கா மேக்க பாத்திருக்கான்னுகூடத் தெரியாது. ஒரு தடவை பாக்கணும்."

ஆண்டிச்சாமி அவள் முகத்தைப் பார்த்தார். பார்ப்பதற்குத்தான் கேட்கிறாளா, வழி தெரிந்துகொள்ளக் கேட்கிறாளா? நாலு பக்கமும் தட்டிப் பார்த்தார். ரேகை எங்கிட்டு ஓடுகிறது என்று தெரியவில்லை. அவளுக்கே தெரியுமோ தெரியாதோ.

"வா" என்றார். "நான் வெளியில நிக்கிறேன்."

"நீங்களும் உள்ள வாங்க" என்றாள் ராக்காயி. "இனிமே ஒளிச்சு வைக்க என்ன இருக்கு?"